காலையில் கனவைச் சொல்லாதீர்கள்

இஸ்மே லென்டோரின் விடுதியில் வந்து இறங்குகிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதற்கு முன்பே புத்திமதி கிடைத்துவிடும். கேட்டாலும் கிடைக்கும், கேட்காவிட்டாலும் கிடைக்கும். கேரியக்கூ தீவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தோடுதான் வருவார்கள். இஸ்மே அதை மரியாதையாக வாங்கி நாலு பக்கம் புரட்டிப் பார்ப்பாள். பிறகு, "இதை எழுதினவர் நம்ம ஊர்ல ரெண்டு நாள் இருந்தாரு. ரெண்டு நாளும் கக்கூஸ்லதான் இருந்தாரு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

அவளுடைய புத்திமதி நீளமானது. கடைக்குள் நுழைந்தால் முதலில் குட் மார்னிங் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நிற்க வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்து, நலம் விசாரித்து, அதற்கும் பதில் சொல்லி முடித்த பிறகுதான் ரொட்டி இருக்கிறதா என்று வாயைத் திறக்கலாம். எடுத்த எடுப்பில் "தண்ணி பாட்டில் என்ன விலை?" என்று கேட்ட ஒரு ஜெர்மன்காரர் ஊர் முழுக்கச் சுற்றி, கடைசியில் தேங்காய் பொறுக்கிக் குடித்தார். நீச்சல் உடையோடு ஹில்ஸ்பரோ கடைத்தெருவில் நடந்தால் யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள், உங்களைப் பெற்றவளைத்தான் திட்டுவார்கள். பட்டாளத்துப் பச்சைச் சட்டை போட்டால் போலீஸ் பிடிக்கும். கடற்கரையில் குட்டி ஆப்பிள் மாதிரி காய்க்கிற மரத்தடியில் மழைக்கு ஒதுங்கினால் தோல் வெந்துபோகும். ஜாக் அயர்ன் ரம்மில் போட்ட ஐஸ்கட்டி மிதக்காது, அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், குடிக்கிறவனும் அப்படித்தான். பஸ்ஸை நிறுத்த மேலே தட்டினால் போதும், கத்த வேண்டாம். இப்போது மழை இல்லாத மாதம், ஆடுகளை அவிழ்த்துவிடுகிற காலம், கொடியில் துணியைக் காயப்போட்டால் அது ஆட்டுக்குத்தான்.

எல்லாம் முடிந்த பிறகு, கதவுப் பக்கம் போய்த் திரும்பி, கடைசியாக ஒன்று சொல்வாள்.

"இந்த ஊர்ல காலையில யார்கிட்டயும் கனவைச் சொல்லாதீங்க."

வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஏன் என்று கேட்பார்கள். "சொன்னா யாராவது சோறு ஆக்கணும்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. விஷயம் அவள் வீட்டு விஷயம்.

கேரியக்கூவில் செத்தவர்கள் செத்ததோடு சும்மா கிடப்பதில்லை. அவர்களுக்குப் பசி எடுக்கும். எடுத்தால் தங்களுக்கு வேண்டியவர்களின் கனவில் வந்து, ஆட்டுக்கறி வேண்டும், சோளக்களி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். சமாதியில் கல் வைக்காமல் விட்டிருந்தால் அதையும் கேட்பார்கள். கேட்டால் ஊரைக் கூட்டிச் சமைத்து, மேளம் கொட்டி, கல் நட்டே ஆக வேண்டும், செய்யாவிட்டால் ஊருக்கே கெடுதல். கல் வைப்பதற்கு அவசரம் ஒன்றுமில்லை. லண்டனிலும் புரூக்ளினிலும் இருக்கிற பிள்ளைகள் வந்து சேர வேண்டும், கையில் நாலு காசு சேர வேண்டும். ஐந்து வருடம் ஆகலாம், பத்து வருடம்கூட ஆகலாம். ஆனால் இஸ்மேயின் புருஷன் காஸ்மஸ் லென்டோர் பதினாலு வருடமாகக் கல் இல்லாமல் வெறும் மண்மேட்டுக்கு அடியில் கிடந்தான்.

காஸ்மஸ் பாய்மரப் படகுக்காரன். பார்க்க லட்சணமாக இருப்பான்; அதுதான் அவனுக்கு வியாதி. கல்யாணமாகி மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில், எதிரே கூப்பிடு தூரத்தில் இருக்கிற பெட்டி மார்ட்டினீக் தீவுக்கு மீன் கொடுக்கப் போனவன், அங்கே ஆல்தியா கிளமென்ட் என்பவள் வீட்டில் தங்கிவிட்டான். மீன் கொடுக்க ஒன்பது வருடம் ஆயிற்று. பிறகு ஒருநாள் நுரையீரல் கெட்டுப்போய், ஒரு கம்பளியும் பையுமாக இஸ்மேயின் வாசலில் வந்து உட்கார்ந்தான். இஸ்மே அவனை உள்ளே விட்டாள். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம், நாய் வந்தால்கூட விடமாட்டேனா என்றாள்.

இரண்டு மாதம் உயிரோடு இருந்தான். அந்த இரண்டு மாதமும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினான், படகுப் பாய்க்கு நல்ல துணி இப்போது கிடைப்பதில்லை என்று பேசினான், பக்கத்து வீட்டுச் சேவலுக்கு நேரம் தெரியவில்லை என்று குறைப்பட்டான். பேச வேண்டிய ஒன்றை மட்டும் பேசவில்லை. ஒரு நாள் விடியலில் போய்ச் சேர்ந்தான்.

இஸ்மே செய்ய வேண்டியதையெல்லாம் குறையில்லாமல் செய்தாள். மூன்றாம் நாள் பூசை, ஒன்பதாம் நாள் பூசை, நாற்பதாம் நாள் பூசை. பிறகு கல்லைப் பற்றி யார் கேட்டாலும் சிமென்ட் விலை ஏறிவிட்டது என்பாள், மகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்பாள். உண்மைக் காரணம் வேறு. உயிரோடு இருந்தபோது சொல்லாததைச் செத்த பிறகாவது கனவில் வந்து சொல்வான் என்று காத்திருந்தாள். ஒவ்வொரு இரவும் தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்தாள். அவன் வரவில்லை. செத்துப்போன பாட்டன் வந்தான், சின்ன வயதில் செத்த தங்கை வந்தாள், ஒரு தடவை பழைய தபால்காரர்கூட வந்தார். காஸ்மஸ் வரவே இல்லை. அப்படியானால் அவன் எங்கே போகிறான் என்பது விளங்கிவிட்டது. கடலைத் தாண்டி ஆல்தியாவின் கனவுக்குத்தான் போகிறான். யாரிடம் போய்ச் சோறு கேட்கிறானோ அவளே கல்லும் வைக்கட்டும் என்று இஸ்மே முடிவு கட்டினாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. செத்தவனின் கனவுக்காகப் பொறாமைப்படுகிறாள் என்று தெரிந்தால் ஊர் அடுத்த ஈஸ்டர்வரை சிரிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மரியன் வந்தாள். வின்னிபெக் ஊர்க்காரி, பல் டாக்டர் ஒருவரிடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தும்மினாலும் மன்னிப்புக் கேட்கிற சுபாவம். வந்த அன்று ராத்திரி இஸ்மே வைத்த சங்குக் கறியை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாள். மறுநாள் காலை ரொட்டி வாங்கக் கிளம்பினாள்.

ரொட்டி விற்பவள் அயாந்தி, காஸ்மஸின் அக்கா, இஸ்மேக்கு நாத்தனார். நாத்தனார் என்றால் எந்தக் கடலைத் தாண்டினாலும் நாத்தனார்தான். மரியன் உபதேசப்படி குட் மார்னிங் சொல்லிவிட்டு நின்றாள். அயாந்திக்கு மனது குளிர்ந்துவிட்டது. ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று விசாரித்தாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ரொட்டி கேட்பது மரியாதையில்லை அல்லவா? மரியன் சொன்னாள்.

"தூங்கினேன். நடுவுல ஒரு கனவு. யாரோ ஒருத்தர் கட்டில் ஓரமா உட்கார்ந்து, பசிக்குதுன்னு சொல்லிக் காலைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு."

அயாந்தி கையிலிருந்த ரொட்டியைக் கூடைக்குள் திருப்பி வைத்தாள்.

"உயரமா இருந்தாரா?"

"உட்கார்ந்திருந்தாரே."

"உட்கார்ந்தும் உயரமாத் தெரிஞ்சாரா?"

"இருக்கலாம்."

"தலையில தொப்பி?"

"ஏதோ இருந்த மாதிரி..."

"பின்பக்கமாத் திருப்பிப் போட்டிருந்தாரா?"

மரியனுக்கு யாரையும் ஏமாற்ற மனம் வராது. திருப்பித்தான் போட்டிருந்தார் போல என்றாள். அயாந்தி கடையைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

பஸ் ஓட்டுகிற கிஃப்டன் அந்தக் கனவை முதல் நடையிலேயே ஏற்றிக்கொண்டு போனான். ஹில்ஸ்பரோ போய்ச் சேர்வதற்குள் அதற்குக் கண், காது, மூக்கு எல்லாம் முளைத்துவிட்டன. அங்கே காஸ்மஸ் கட்டிலில் உட்கார்ந்து அழுதான். போகில்ஸ் கிராமத்தில் ஒரு பாட்டும் பாடினான். தீவின் வடகோடியில் வின்ட்வர்டுக்குப் போனபோது, கறுப்புக் கிடாய்தான் வேண்டும் என்று அடையாளம் சொல்லிக் கேட்டிருந்தான். அங்கே கறுப்புக் கிடாய் வைத்திருந்த ஒரே ஆள் அதைச் சமையலறைக்குள் கட்டிப்போட்டுக் கதவைச் சாத்தினார்.

மரியன் ரொட்டி இல்லாமல் திரும்பியபோது முற்றத்தில் அரைத் தெரு நின்றது. இஸ்மே படியில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மரியன் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனால் மரியாதையில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள். தன் வாயாலேயே தான் மாட்டிக்கொண்டது இஸ்மேக்குப் புரிந்தது. அவளைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உண்மையைச் சொல்லுங்க மிஸ் மரியன். என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?"

"இல்லைங்க."

"வேற யார் பேராவது?"

"இல்ல. பசிக்குதுன்னு மட்டும்தான். எனக்குமே வயிறு ஒரு மாதிரி இருந்துச்சு. நான் சாப்பிட்ட சங்குதான் வந்து உட்கார்ந்துச்சோ என்னமோ."

இஸ்மேக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. பதினாலு வருடமாகத் தலையணையைத் தட்டிப் போட்டவள் பக்கத்து அறையில் கிடக்க, பெட்டியைக்கூட இன்னும் பிரிக்காத ஒரு வெளியூர்க்காரியிடம் போய் உட்கார்ந்திருக்கிறான். அவள் வெளியே வந்து, சங்குக் கறி செரிக்காததற்கெல்லாம் தன்னால் கல் வைக்க முடியாது என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தாள்.

கலைந்த கூட்டம் சும்மா இருக்கவில்லை. அன்று பிற்பகல் ஒருவனுடைய படகு எஞ்சின் நடுக்கடலில் நின்றது. அந்த எஞ்சின் வாரம் ஒரு தடவை நிற்கிற எஞ்சின், ஆனால் அன்றைக்கு நின்றது இஸ்மேயால். மறுநாள் ஒருவருக்குச் சுளுக்கு. அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி விரிசல். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, தீவில் எது விழுந்தாலும் இஸ்மேயின் தலையில் விழுந்தது. கிஃப்டன்கூட பஸ்ஸில் அவளை முன்சீட்டில் ஏற்றப் பயந்தான். பிரேக் பிடிக்காது தாந்தி, கோவிச்சுக்காதீங்க என்றான். அங்கே பெரியவர்களை அப்படித்தான் அழைப்பார்கள், அத்தை என்பது போல. அவன் பஸ்ஸுக்கு என்றைக்குமே பிரேக் பிடித்ததில்லை.

கடைசியில் அயாந்தி வந்தாள். அழுது பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். இஸ்மே துணி மடித்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது அயாந்தி வாசலில் நின்று சொன்னாள்.

"சரி விடு. என் தம்பிக்குச் சோறு போட இன்னொருத்தி இருக்கா. பெட்டி மார்ட்டினீக்குக்கு ஆள் அனுப்பறேன். அவ வந்து கல் வைக்கட்டும்."

இத்தனை வருடமாக இஸ்மே தன் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததும் அதேதான். ஆனால் அதையே அடுத்தவள் வாயால் கேட்டபோது அவளுக்குத் தாங்கவில்லை. மடித்த துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"யாரும் வர வேண்டாம். நானே வைக்கிறேன்."

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மகள் புரூக்ளினிலிருந்து வந்தாள். கொத்தனார் கல் வார்த்தார். வழக்கப்படி கல் நடுவதற்கு முந்தின ராத்திரி அது வீட்டுக்குள் படுத்திருக்க வேண்டும். கனவு வந்த கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்று அயாந்தி அடம்பிடித்தாள். ஆகவே மரியன் வாடகை கொடுத்த கட்டிலில் காஸ்மஸின் கல் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு படுத்தது, மரியன் கூடத்து சோபாவில் படுத்தாள். வேறு தலையணை வேண்டுமா என்று கல்லைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

விடிந்ததும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். முற்றத்தில் மூன்று கல்லடுப்புகளில் அண்டா ஏறியது. ஆண்கள் ஆட்டை உரிக்கிறோம் என்ற பெயரில் ரம்மைத் திறந்தார்கள். மேளக்காரர்கள் தோலை வெயிலில் காயவைத்தார்கள். அப்போது படகுத்துறைப் பக்கமிருந்து ஒரு கிழவி, முழங்காலில் துணிக்கட்டும் இடுப்பில் ஒரு கூடை பச்சைத் துவரங்காயுமாக மெதுவாக மேடேறி வந்தாள்.  யாரோ தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மேளம் நின்றது.

இஸ்மே பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மனதில் ஆல்தியா கிளமென்ட் இன்னும் மஞ்சள் கவுன் போட்ட இளம்பெண்ணாகவே இருந்தாள். இந்தக் கிழவியின் மீது எப்படிக் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கூப்பிடாம வந்துட்டேன் மிஸஸ் லென்டோர். ஆளுங்க நிறையன்னு சொன்னாங்க. துவரங்காய் உரிக்கக் கை வேணுமேன்னு வந்தேன்."

விரட்டுவாள் என்று ஊர் காத்திருந்தது. விரட்ட வேண்டும் என்றுதான் இஸ்மேயும் நினைத்தாள். ஆனால் வீட்டு வாசலுக்கு வேலை செய்ய வந்தவளை அந்தத் தீவில் யாரும் விரட்டியதில்லை. சமையலறைக்குப் பின்னால் இரண்டு முக்காலிகளைப் போட்டாள். ஒன்றில் தானும் உட்கார்ந்துகொண்டாள்.

கூடையில் பாதி தீரும்வரை இருவரும் உரித்துக்கொண்டே இருந்தார்கள். தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் விழுந்துகொண்டிருந்தது. இஸ்மேக்குத் தொண்டைவரை ஒரு கேள்வி வந்து நின்றது. அதற்கான பதிலைக் கேட்டுவிட்டால் பிறகு மிச்சம் இருக்கிற வாழ்நாளுக்கும் அது கூடவே இருக்கும் என்று பயந்தாள். பயந்துகொண்டே கேட்டாள்.

"உன்கிட்ட என்னென்ன கேட்பான்?"

"யாரு?"

"கனவுல."

ஆல்தியாவின் கை நின்றது.

"என் கனவுலயா? என்கிட்ட எதுக்கு வர்றாரு? மோதிரம் போட்ட பொண்டாட்டி நீங்க. உங்ககிட்டதான் வருவாருன்னு நான் ஒரு தட்டுச் சோறுகூட எடுத்து வைக்காம இருந்தேன்."

"ஒரு தடவைகூட வரலையா?"

"ஒரு தடவைகூட இல்ல. நான் எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா. கடைசியில போறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமத்தான் படகு ஏறினாரு. கனவுலயாவது வந்து சொல்லுவாருன்னு பார்த்தேன். வரல. சரி, பொண்டாட்டிகிட்டப் போறாரு, அவங்கதான் வேணும்னே கல் வைக்காம இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டேன். எங்க ஊர் பூரா அதான் பேச்சு. உங்களுக்கு வந்து என்னதான் கேட்டாரு?"

"எனக்கும் வரல" என்றாள் இஸ்மே.

 ஆல்தியா மடியிலிருந்த தோலை உதறினாள். அவளுடைய முகம் மெல்ல மாறியது.

"அப்ப இத்தனை வருஷமா எவ வீட்டுல சாப்பிட்டான்?"

அதுவரை 'வந்தாரு, போனாரு' என்று மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தவள் அந்த ஒரு கேள்வியில் மரியாதையைக் கடலில் போட்டுவிட்டாள். இஸ்மேக்குச் சிரிப்பு பீறிட்டது. முற்றத்துப் பக்கம், அயாந்தியிடம் களி கிண்டக் கற்றுக்கொண்டு புகையில் கண்ணைக் கசக்கி நின்ற மரியனைக் கையால் காட்டினாள்.

"தெரியல. இப்போதைக்கு அந்தக் கனடாக்காரிகிட்ட வந்து சேர்ந்திருக்கான்."

ஆல்தியா எட்டிப் பார்த்தாள். "செத்தும் வெளியூர்ச் சரக்குதான் கேக்குது" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பேரும் முக்காலியிலிருந்து விழுந்துவிடுவது போலச் சிரித்தார்கள். உரித்த பருப்பு மண்ணில் கொட்டியது. முற்றத்தில் இருந்தவர்கள் அடிதடி ஆரம்பித்துவிட்டது என்று ஓடிவந்து, இரண்டு கிழவிகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணீர் வழியச் சிரிப்பதைப் பார்த்துக் குழம்பிப்போனார்கள். அந்தக் கண்ணீரில் கொஞ்சம் சிரிப்பில் வந்ததல்ல. இஸ்மே அழுதாள். காஸ்மஸுக்காக அல்ல, அவனுக்காகக் காது கொடுத்துக் கிடந்த அத்தனை இரவுகளுக்காக அழுதாள். பக்கத்தில் இருந்தவளும் அதற்காகத்தான் அழுகிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தது.

வெயில் சாய்ந்ததும் கல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நட்டு, சிமென்ட் பூசி, மேலே வெள்ளைத் துணியைப் போர்த்தினார்கள். துணியை விலக்குவது குடும்பத்தார் வேலை. ஒரு முனையை இஸ்மே பிடித்தாள். மறுமுனைக்கு அயாந்தி கையை நீட்டினாள். இஸ்மே அவளைத் தடுத்துவிட்டு, கூட்டத்தின் கடைசியில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு நின்ற ஆல்தியாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஆல்தியா வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. யாரும் முணுமுணுக்கவில்லை, முணுமுணுக்க நினைத்த அயாந்தியும் இருமிச் சமாளித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து துணியை விலக்கினார்கள்.

பிறகு கல்லில் தண்ணீரும் ரம்மும் தெளித்துச் செத்தவனிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேச வேண்டும். அது பெண்டாட்டியின் வேலை. இஸ்மே பாட்டிலைத் திறந்து கல்லின் மேல் ஊற்றினாள். மேளக்காரர்கள் குச்சியைத் தூக்கிக் காத்திருந்தார்கள்.

"காஸ்மஸ், ரெண்டு பேரும் வந்திருக்கோம். கல் வெச்சாச்சு, சோறு ஆக்கியாச்சு. இனிமே வரணும்னா வா, வராட்டிப் போ. நாங்க தூங்கப் போறோம்."

பாட்டிலில் மிச்சம் இருந்ததில் தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அதை ஆல்தியாவின் கையில் கொடுத்தாள்.